வருடப்பிறப்புச் சமையலும் மில்லில் திரித்த தூளும்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்து வீடுகளில் நடக்கும் இரண்டு நாட் சமையலில் எந்தக் கறி வாய்க்கும், எந்தக் கறி வாய்க்காது என்பது, அடுப்பு மூட்டுவதற்கு வெகு முன்னரே கறித்தூள் திரிக்கும் மில்லில் பாதி முடிவாகிவிடுகிறது. இம்முறை எங்கள் வீட்டில் வெளிநாட்டு உறவினரும் கூடியிருந்த விருந்து எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டு எழுந்த விருந்தாக அமைந்தது. அதற்குச் சமைத்தவர்களின் கைப்பக்குவம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கைகள் முன்னைய ஆண்டுகளில் பைக்கற் தூளை வைத்துச் சமைத்த கறிகளையும் நான் சாப்பிட்டிருக்கிறேன். ஆகவே இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்வது, அந்தத் தூளை வறுத்துத் திரித்துக் கொடுத்த மில்லையும், அத்தூள் ஒவ்வொரு கறியிலும் எவ்வாறு நடந்துகொண்டது என்பதையுமே ஆகும். மில் யாழ் குடாநாட்டின் வலிகாமத்தில், சந்தையொன்றுக்கு அண்மையில் உள்ள சிறிய வீதியில் இருக்கிறது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, சாவகச்சேரி எனச் சந்தை கூடும் இடங்களை அண்டி இத்தகைய மில்கள் பல இருப்பதால், கீழே சொல்பவற்றைத் தமக்கு அருகிலுள்ள மில்லோடு வாசகர் பொருத்திப் பார்க்கலாம்.

மில்லின் முன்பக்கத்தில் அரிசியும் உளுந்தும் அரைக்கும் இயந்திரம் இருக்கிறது. பின்புறத் தகரக் கொட்டிலில் தூளுக்கென்றே தனி இயந்திரம் ஒன்றும், விறகடுப்பின் மேல் ஏற்றிய அகன்ற இரும்புத் தாச்சி ஒன்றும் உள்ளன. இரண்டு இயந்திரங்களும் வேறு வேறாக இருப்பது நல்ல அறிகுறி. காலையில் மிளகாயும் மாலையில் அரிசிமாவும் ஒரே இயந்திரத்தில் அரைபடும் இடத்தில், மறுநாள் இடியப்பம் உறைக்கிறது என்று எவரும் முறைப்பாடு செய்ய முடியாது. வீட்டிலேயே வறுத்துக் கொண்டுவரும் சரக்கை இங்கே திரித்து மட்டும் கொடுப்பார்கள். வறுக்காத சரக்கைக் கொண்டுபோனால் வறுத்தும் திரித்தும் கொடுப்பார்கள். வெறுங்கையோடு போகிறவர்களுக்கு ஏற்கெனவே திரித்து வைத்த தூளை நிறுத்து விற்பதும் உண்டு. நான் எழுதுவது இரண்டாவது வகையைப் பற்றியே. கூலி எடைக் கணக்கில், வறுப்புக்கு வேறாகவும் திரிப்புக்கு வேறாகவும் வாங்கப்படுகிறது. சரக்கின் விலையையும் கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்தால், அங்காடியில் கிடைக்கும் பைக்கற் தூளைவிட இது மலிவு என்று சொல்ல முடியாது. காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இங்கே போக வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு அளவு பெரியம்மாவினுடையது. 1 கிலோ செத்தல் (காய்ந்த) மிளகாய்க்கு 1 கிலோ மல்லி, 250 கிராம் பெருஞ்சீரகம், 200 கிராம் மிளகு, 100 கிராம் சின்னச்சீரகம், 50 கிராம் வெந்தயம், 50 கிராம் மஞ்சள், இரண்டு கை நிறையக் கறிவேப்பிலை. கறுவாவும் ஏலக்காயும் கராம்பும் இதில் சேர்வதில்லை. அவை இறைச்சிக்கென்று தனியே வறுத்து இடித்து, கறி இறக்கும் நேரத்தில் தூவப்படுபவை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திரித்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம்தான், ஆனால் கத்தரிக்காய்க் குழம்பிலும் கறுவா வாசம் அடிக்கும். பைக்கற் தூள்களில் எனக்குள்ள முதல் மனக்குறை இதுவே. இறைச்சிக்கும் மரக்கறிக்கும் மீனுக்கும் பொதுவாக ஒரே தூளைச் செய்து விற்பதால், எதற்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு வாசம் எல்லாக் கறியிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மிளகாய் வாங்குவதில் பெரியம்மா விட்டுக்கொடுப்பதில்லை. இலங்கைச் சந்தைக்கு வரும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இன்று இந்தியாவிலிருந்து இறக்குமதியாவதுதான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கல்வீடு கட்டிய கதையை இன்றும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்ததோடு அந்த நிலை மாறிவிட்டது. ஆயினும் தேடினால் ஊர்ச் செத்தல் இப்போதும் கிடைக்கிறது, விலைதான் கூட. நாங்கள் ஊர்ச் செத்தலையும் இந்தியச் செத்தலையும் சரிபாதியாகச் சேர்த்தோம். ஒன்று உறைப்புக்கு, மற்றது நிறத்துக்கு. பங்குனி வெயிலில் சாக்கு விரித்து அவற்றைக் காயவைத்து, பின்னேரத்தில் விறாந்தையில் கூடியிருந்து காம்பு கிள்ளும் வேலையில் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாளும் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். காம்போடு திரித்தால் தூளின் நிறம் மங்கி, நாவில் சக்கைபோல் தட்டும். நன்றாகக் காயாத மிளகாயில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு வறுத்தாலும் முழுதாக நீங்காது என்பதும் அலட்சியம் செய்யக்கூடிய விடயங்கள் அல்ல. இந்த மில்லில் ஈரப்பதமுள்ள மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்து, வளைந்தால் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். எங்களுக்கு முன் வரிசையில் நின்ற ஒருவரின் மூட்டை அப்படித்தான் திரும்பிப் போனது. அவர் கோபித்துக்கொண்டார். எனக்கோ மில்லின் மேல் நம்பிக்கை கூடியது.

இனி வறுப்பு. இந்தச் சேவையின் உயிர் இதில்தான் இருக்கிறது. பல இடங்களில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே தாச்சிக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள், அதில் இருந்து பார்த்துக்கொண்டு நமக்கு வேண்டிய பதத்தில் இறக்கச் சொல்லலாம். மல்லி முதலில் போகிறது. அது வெடித்து வாசம் எழும்பத் தொடங்கியதும் வறுப்பவர் அகப்பையில் கொஞ்சம் அள்ளிக் கொண்டுவந்து பெரியம்மாவின் முன் நீட்டுகிறார். அவர் ஒரு மணியை இரண்டு நகங்களுக்கிடையில் வைத்து அமர்த்துகிறார். நசிந்தால் இன்னும் வேண்டும், நொருங்கினால் சரி. பெருஞ்சீரகமும் சின்னச்சீரகமும் சூடேறினாலே போதும். மிளகு சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டும். கறிவேப்பிலை கையில் பிடித்தால் சரசரவென்று உதிர வேண்டும். வெந்தயம் கடைசியில், அடுப்பைத் தணித்த பிறகுதான் தாச்சிக்குள் போகிறது. அது பொன்னிறத்தைத் தாண்டிவிட்டால் தூள் முழுவதும் கைக்கும். செத்தல் மிளகாய் வறுபடும்போது எழும் நெடியில் கொட்டிலே இருமும். ஒரு சிறங்கை உப்புக்கல்லை மிளகாயோடு போட்டால் நெடி குறையும் என்ற நம்பிக்கையில் அங்கேயும் போடுகிறார்கள். குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் சரக்கை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். ஒரு பங்கு மரக்கறிக்கு, இளவறுப்பாக. மற்றப் பங்கு இறைச்சிக்கும் கணவாய்க்கும், கடும் வறுப்பாக.

"அம்மா, இன்னும் கொஞ்சம் கறுக்க விடட்டோ?" என்று வறுப்பவர் கேட்டார்.

"காணும் தம்பி, இறக்கு. மிச்சத்தை அந்தச் சூடே பாத்துக்கொள்ளும்," என்றார் பெரியம்மா.

அவர் சொன்னது சரியே. இரும்புத் தாச்சியில் இருக்கும் சரக்கு இறக்கிய பின்பும் வறுபட்டுக்கொண்டே இருக்கும். அதை அறிந்தவர்கள் வேண்டிய பதத்துக்கு ஒரு படி முன்னதாகவே சுளகில் கொட்டிவிடுவார்கள். வறுப்பவருக்கு இது தெரியாததல்ல, ஆனால் வாடிக்கையாளர் சொல்லும்வரை அவர் இறக்குவதில்லை. ஆகவே பதம் தெரியாத ஒருவர் தனியே போனால் இந்தச் சுதந்திரமே அவருக்குப் பாதகமாகலாம். அப்படிப்பட்டவர்கள், "உங்கட கைப்பதத்துக்கு இறக்குங்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

திரிப்பில் இரண்டு ஓட்டம். முதலில் குருணையாக, பிறகு நைசாக. மஞ்சளை முன்னரே தட்டி உடைத்துச் சேர்க்கிறார்கள். இயந்திரத்திலிருந்து இறங்கும் தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டோடு பேணியில் அடைத்தால் உள்ளே வியர்த்து, தூள் கட்டிபட்டு, சில வாரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். இங்கே அகலத் தாளில் பரப்பி ஆறவிட்ட பிறகே கட்டிக் கொடுக்கிறார்கள், அவசரப்படுகிறவர்களுக்கு வேறு மில்லைக் காட்டிவிடுகிறார்கள். தூள் மிக நைசாக இல்லாமல், விரலுக்கிடையில் தேய்த்தால் மெல்லிய மணல் தட்டும் அளவில் இருக்கிறது. எனக்கு இது பிடிக்கிறது. குழம்பில் அது கரைந்து மறையாமல் கறியின் மேல் பிடித்து நிற்கும். மா போன்ற நைசை எதிர்பார்ப்பவர்கள் மூன்றாவது ஓட்டம் கேட்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடு ஏறி வாசம் கொஞ்சம் ஆவியாகிப் போகும்.

வருடப்பிறப்பு அன்று மரக்கறிச் சமையல். மூலிகைகள் கொதித்த மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்குப் போய்வந்து, பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்கிய பின், சர்க்கரைப் பொங்கலும் வடையும் முடிந்து, மத்தியானச் சோற்றுக்குத்தான் தூளுக்கு வேலை வருகிறது. மொட்டைக்கறுப்பன் அரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய்ப் பிரட்டல், கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கீரை, சொதி, அப்பளம், மோர்மிளகாய், பாயாசம் என்று இலை நிறைந்திருந்தது. இவற்றில் பருப்புக்கும் பால்கறிக்கும் சொதிக்கும் தூள் போடுவதே இல்லை. பயிற்றங்காய்ப் பிரட்டல் நன்றாக இருந்தது, ஆனால் எந்தத் தூளிலும் அது நன்றாகவே இருக்கும். தூளைச் சோதிக்கும் கறி கத்தரிக்காய்.

மச்சாள் கனடாவிலிருந்து தாம் வழக்கமாகப் பாவிக்கும் பைக்கற் தூளையும் கொண்டுவந்திருந்தார். அவருடைய யோசனையின்படி ஒரே அளவு கத்தரிக்காயை ஒரே எண்ணெயில் பொரித்து, இரண்டு சட்டிகளில், ஒன்றில் பைக்கற் தூளும் மற்றதில் மில் தூளின் இளவறுப்பும் போட்டுக் குழம்பு வைத்தார்கள். முறை ஒன்றே. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், உள்ளி ஆகியவற்றைத் தாளித்து, பழப்புளியும் தேங்காயின் இரண்டாம் பாலும் விட்டு, தூள் போட்டுக் கொதித்து வற்றிய பின் பொரித்த கத்தரிக்காயைச் சேர்த்து, கடைசியில் முதற்பால் விட்டு இறக்குவது. பைக்கற் தூள்ச் சட்டி பார்வைக்கு அழகாகச் சிவந்திருந்தது. ஆனால் எவ்வளவு கொதித்த பின்னும் பச்சை மல்லி வாசம் ஓரமாக எட்டிப் பார்த்தது, உறைப்பு தொண்டையில் நின்றது. மில் தூள்ச் சட்டி மண்ணிறத்தில், அவ்வளவு கவர்ச்சியின்றி இருந்தது. முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் மேலே எண்ணெய் மெல்லிய வளையமாகப் பிரிந்து நின்றது. வறுத்த சரக்கின் வாசமும் கொழுப்பும் ஒன்றாகிவிட்டதன் அடையாளம் அது. சோற்றில் பிசைந்தபோது உறைப்புக்கு முன்னால் வாசம் வந்தது, புளி பின்னால் வந்தது. பந்தி முடியும்போது ஒரு சட்டி வழித்துத் துடைக்கப்பட்டிருந்தது, மற்றச் சட்டியில் பாதி இருந்தது. மச்சாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "என்ர பைக்கற்றை இஞ்சையே விட்டிட்டுப் போறன்," என்றார்.

நியாயமாகச் சொல்வதானால், அந்தப் பைக்கற் எப்போது திரிக்கப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியாது. மில் தூளோ திரித்துச் சில நாட்களே ஆனது. தூளின் நிறமும் வாசமும் வெளிச்சத்திலும் சூட்டிலும் காற்றிலும் குறைந்துகொண்டே போகும். ஆகவே இந்தப் போட்டி முற்றிலும் சமமானது அல்ல. ஆனால் புதிதாகத் திரித்த தூள் கிடைப்பதுதானே மில்லுக்குப் போவதன் பயனே.

மறுநாள் இறைச்சி. அது வெள்ளிக்கிழமையாக அமையாதது பிள்ளைகளின் அதிர்ஷ்டம். எங்கள் ஒழுங்கையில் சில வீடுகள் சேர்ந்து ஒரு கிடாயைப் பங்கு போட்டிருந்தன. கடையில் வாங்கும் இறைச்சிக்கும் பங்கு இறைச்சிக்கும் உள்ள வித்தியாசம், ஒவ்வொரு பங்கிலும் தசையோடு எலும்பும் ஈரலும் குடலும் கொழுப்பும் சரியளவில் வந்து சேரும் என்பதே. பனையோலையில் கூறுபோட்டுக் கட்டி வந்த பங்கை அப்படியே ஒரே சட்டியில் சமைப்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் ஈரலையும் குடலையும் பிரித்துத் தனியே பிரட்டினார்கள்.

கடும் வறுப்புத் தூளின் அருமை ஆட்டிறைச்சிக் கறியில் முழுமையாகத் தெரிந்தது. வெங்காயம், இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி, மஞ்சளும் உப்பும் பிரட்டிய இறைச்சியைச் சேர்த்து, அது விடும் தண்ணீரிலேயே முதலில் வேகவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வற்றும் தறுவாயில் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி தூளைக் குவித்துப் போட்டு, தூள் இறைச்சியில் ஒட்டும்வரை பிரட்டி, பிறகுதான் இரண்டாம் பால். விறகடுப்பில், மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, எலும்பிலிருந்து தசை விலகத் தொடங்கும்வரை விட்டு, முதற்பாலும் இறைச்சிச் சரக்கும் சேர்த்து இறக்கி, சட்டி ஆறத் தொடங்கிய பின் தேசிக்காய்ப் புளி. கறி கிட்டத்தட்டக் கறுப்பு நிறம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் முதலில் கருகிவிட்டது என்று நினைத்துத் தயங்கினார்கள். புட்டைக் குழைத்து ஒரு வாய் வைத்ததும் தயக்கம் போய்விட்டது. இவ்வளவு கறுத்தும் கைப்பு இல்லாமல் இருந்ததற்குக் காரணம், வெந்தயத்தைத் தணலில் மட்டும் காட்டி இறக்கியதும், மல்லியை நொருங்கும் பதத்தில் நிறுத்தியதுமே. இறைச்சியின் வெடில் துளியும் இல்லை. மில்லில் பார்த்த வேலை இந்தச் சட்டியில் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஒரு கறிக்காகவே மில்லுக்குப் போகலாம் என்பது என் துணிபு.

ஈரற் பிரட்டல் அதற்கு அடுத்த வெற்றி. தூளோடு மிளகை அதிகமாகத் தட்டிப் போட்டு, பால் விடாமல், வெங்காயம் சுருளும்வரை பிரட்டியது. அதைப் பந்திக்குக் கொண்டுவருவதற்குள் குசினியிலேயே பாதி தீர்ந்துவிட்டது. குடலைப் பற்றிக் கூட்டத்தில் இரண்டு கட்சி இருந்ததால் ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். கணவாய்க் கறியும் இதே தூளில் நன்றாக வந்தது. கணவாய் தன் தண்ணீரிலேயே வெந்து இறுகும்போது கடும் வறுப்புத் தூள் அதன் மேல் கவசமாகப் படிகிறது.

நண்டில்தான் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குருநகர்ப் பக்கமிருந்து வாங்கிவந்த நீலக்கால் நண்டு. ஓடு நிறையச் சதை, கடற்கரை வாசம் மாறாத புதுசு. அதற்கும் கடும் வறுப்புத் தூளையே இறைச்சிக்குப் போட்ட அளவில் போட்டு, அம்மியில் அரைத்த பெருஞ்சீரகமும் உள்ளியும் மிளகும் சேர்த்து, இறக்கும்போது ஒரு பிடி முருங்கை இலையும் போட்டார்கள். குழம்பு அருமை. சோற்றில் விட்டுச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். ஆனால் கால்களை உடைத்துச் சதையைத் தனியே எடுத்துச் சாப்பிட்டபோது நண்டின் இயற்கை இனிப்பைத் தூள் அமுக்கிவிட்டது தெரிந்தது. நண்டுக்கு இளவறுப்புத் தூளைப் பாதியாகக் குறைத்து, உறைப்புக்குத் தனி மிளகாய்த்தூள் கொஞ்சம் சேர்த்திருந்தால் குழம்பும் சதையும் ஒத்துப்போயிருக்கும். பெரியம்மா இதை ஏற்றுக்கொள்ளவில்லை. மீன் குழம்புக்கும் கடும் வறுப்பு பொருந்தாது. அதற்கு வெந்தயமும் பழப்புளியும் தூக்கலாக, தூள் அடக்கமாக இருக்க வேண்டும். காயவைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சும் ஒடியற் கூழுக்கோ இந்தத் தூளே வேண்டாம். ஊறவைத்துக் கைப்பு நீக்கிய ஒடியல் மாவின் வாசத்தோடு வறுத்த மல்லி சண்டை பிடிக்கும். கூழுக்குச் செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்துக் கரைத்து விடுவதே முறை. மில்லுக்காரர் நல்ல தூள் கொடுத்தார் என்பதற்காக எல்லாச் சட்டியிலும் அதைக் கொட்ட வேண்டிய அவசியமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பங்குனி மாதக் கடைசி வாரத்தில் இந்த மில்லில் நிற்க இடமில்லை. ஊரில் பாதிப் பேர் வருடப்பிறப்புக்கும், மற்றப் பாதிப் பேர் விடுமுறை முடிந்து திரும்பும் உறவினரிடம் கொடுத்துவிடவும் தூள் திரிக்க வருகிறார்கள். அந்த நெரிசலில் ஒருவருடைய சரக்குக்கும் அடுத்தவருடைய சரக்குக்கும் இடையில் இயந்திரத்தைச் சரியாகத் தட்டித் துடைப்பதில்லை. முன்னவரின் தூளில் ஒரு கைப்பிடி நம்முடையதோடு வந்துவிடும். நாங்கள் முதலில் விழுந்த தூளைப் புறம்பாக எடுத்து வைத்தோம். அது நிறத்திலேயே வேறாக இருந்தது. கேட்டால் தட்டிக் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை. இதைக் கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக வைத்திருப்பது சரியல்ல.

நிறுவை இன்னொரு குறை. கொடுத்த சரக்கின் எடையைத் துண்டில் எழுதித் தருவதில்லை. காம்பும் ஈரமும் போக, இயந்திரத்தில் ஒட்டுவதும் போக, தூளின் எடை குறைவது இயல்பு. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று வாடிக்கையாளர் அறிய வழி இருக்க வேண்டும். நாங்கள் வீட்டில் நிறுத்துக்கொண்டு போனதால் கணக்குச் சரியாக இருந்ததை உறுதிப்படுத்த முடிந்தது. பொதி செய்வதும் வெறும் பொலித்தீன் பையும் றப்பர் வளையமும்தான். வீட்டுக்குக் கொண்டுவர அது போதும், விமானத்தில் கொண்டுபோக அது போதாது. மச்சாள் தம் பங்கை நகரத்தில் வேறொரு கடையில் கொடுத்து இரட்டைப் பையில் காற்றுப் போகாதபடி ஒட்டுவித்துக்கொண்டார். இந்த மில்லே ஒட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைத்தால், கூலியைக் கொஞ்சம் கூட்டினாலும் எவரும் முணுமுணுக்க மாட்டார்கள். நெடியில் நாள் முழுதும் நிற்கும் வறுப்பவருக்கு முகத்தில் கட்ட ஒரு துண்டுச் சீலை மட்டுமே இருப்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கொட்டிலின் பின்சுவரில் காற்று இழுக்கும் விசிறி ஒன்று அவசியம்.

இரண்டு மாதங்கள் கழிந்த நிலையில் தூள் எப்படி இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். குசினியின் இருட்டான மூலையில், உலர்ந்த போத்தலில், ஈரக் கரண்டி படாமல் வைத்த தூள் கட்டிபடவில்லை, நிறம் சற்றே தணிந்திருக்கிறது, வாசம் நிற்கிறது. அன்றாடப் பாவனைக்கென அடுப்புக்கு மேல் தட்டில் வைத்த சிறிய போத்தலில் உள்ள தூள் வாசத்தில் கணிசமாகப் பின்தங்கிவிட்டது. ஆகவே பெரிய போத்தலை அடிக்கடி திறக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் புழங்குவது நல்லது. இளவறுப்பில் மிஞ்சியதை நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கொடியேறிய நாளிலிருந்து 25 நாட்களும் வீட்டில் மரக்கறிதான், அப்போது கத்தரிக்காய் வாரத்தில் இரண்டு முறையாவது வரும்.

மில்லுக்குப் போக எண்ணுபவர்கள் வார நாளில், காலையில் மில் திறந்தவுடன் போவது நல்லது. அப்போது இயந்திரம் சுத்தமாகவும் வறுப்பவர் களைப்பின்றியும் இருப்பார். சரக்கை வீட்டில் நிறுத்து, வகைக்கொரு பையில் தனித்தனியே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் கலந்து கொண்டுபோனால் வறுத்துத் தர மாட்டார்கள், அது சரியும்கூட. தூள் கொண்டுவர மூடியுள்ள பேணியும், முதலில் விழும் தூளைப் பிடிக்க ஒரு சிறிய பையும் கையோடு இருக்கட்டும். தீபாவளிக்குத் திரிக்க நினைப்பவர்கள் ஐப்பசி வரை காத்திருக்கக் கூடாது. மழை தொடங்கிவிட்டால் மிளகாய் காயாது, காயாத மிளகாயை அவர்கள் வாங்கவும் மாட்டார்கள். புரட்டாதி நடுப்பகுதிக்குள் போய்வருவது உசிதம்.